ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்த ஞாயிறுகள்

பதுளை பஜாரில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. என் கணவரின் அப்பா வைத்த கடை. கடைக்குப் பின்னால் வீடு. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் விற்கும் இடத்தில் பித்தளைச் சாமான்கள் மேல்தட்டில் கறுத்துப்போய்க் கிடந்தன. கல்யாணமாகி வந்த புதிதில், கூட்டம் இல்லாத நேரங்களில், அவற்றை ஒவ்வொன்றாக இறக்கித் துலக்க ஆரம்பித்தேன். எல்லோரையும் போலப் புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்த்தேன். கண்ணைப் பறிக்கிற மாதிரி பளபளத்தது. சில நாட்களிலேயே முன்பைவிட மோசமாகக் கறுத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலெல்லாம் கீறல். புளி கறையை மட்டும் தின்பதில்லை, பித்தளையையும் கொஞ்சம் தின்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் மெதுவானதிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் வெறும் தூரிகை. அதற்குப் போகாவிட்டால் பிழிந்த ஈரத்துணி. அதற்கும் போகாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைச் சோப்பு இரண்டு துளி. எண்ணெய், ஸ்பிரிட் எல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் போட்டுப் பார்த்த பிறகுதான். நான் இதை எங்கும் படிக்கவில்லை. கெடுத்தும் திருத்தியும் பழகிக்கொண்டது. கடைக்கு வந்துபோகிறவர்கள் சொல்லி, யாரோ ஒருவர் குத்துவிளக்கைக் கொண்டுவந்தார். இன்னொருவர் மரத்தில் செய்த வெற்றிலைப் பெட்டி. ஹப்புத்தளைப் பக்கமிருந்து ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தின் கூடுகூட வந்தது. பின்வாசல் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். காலையில் சமையல், மத்தியானம் கடை, பொழுதிருந்தால் மேசை. எனக்குப் பிடித்த வேலை.

போன ஐப்பசியில் ஒருநாள் அண்ணி போன் செய்தாள். என் அண்ணனின் மனைவி. பசறைப் பாதையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த லயத்திலேயே, வரிசை வீடுகளில் ஒன்றில், அவர்கள் இருக்கிறார்கள்.

"கோயில் கூரையில ஓட்ட விழுந்து ஆர்மோனியப் பெட்டி நனஞ்சு போச்சு. மார்கழி பஜனைக்கு அதுதான வேணும். ஒங்கண்ணன் சோறு கூட ஒழுங்கா சாப்புடுறது இல்ல. ஒங்கிட்ட கொண்டாந்து காட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"அண்ணன் வருதா? இங்கயா?"

"வரும். வேற வழி இல்ல" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அண்ணன் எங்கள் வீட்டுப் படியை மிதித்ததே இல்லை. 

காரணம் பழையது. நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் இந்தக் கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளியின் மகனும் நானும் விரும்பினோம். அவர் வீட்டில் எதிர்த்து, அழுது, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அம்மா சம்பள நாளில் இதே கடைக்குச் சாமான் வாங்க வரும்போது வெளியே நிற்க வைத்துத்தான் கொடுப்பார்கள். சேற்றுக்காலோடு உள்ளே வரக்கூடாது. அண்ணன் சின்னப் பிள்ளையாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறான். "அந்த வாசல்ல ஏறிப் போய் நான் சோறு திங்கணுமா?" என்று கேட்டான். அப்பா இறந்தபோது என் கணவர் தனியாகத் தோட்டத்துக்கு வந்தார். லயத்து வாசலில் மழையில் நின்றார். அண்ணன் அவரை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. என்னோடு மட்டும் அண்ணன் பேசுவான், கோயில் திருவிழாவில், உறவுக் கல்யாணங்களில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைவழியாக வராமல் பக்கத்துச் சந்து வழியாக வந்தான். தலையில் படங்குச் சாக்கால் சுற்றிய பெட்டி. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் அந்தச் சாக்கு மழைக்கு நல்லது. தாழ்வாரத்து மேசையில் இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரியில் கிடத்தியவன் மாதிரி பக்கத்திலேயே நின்றான்.

"சத்தம் வருதா?" என்று கேட்டேன்.

துருத்தியை அழுத்தி ஒரு கட்டையைத் தொட்டான். இருமல் மாதிரி ஒரு சத்தம். இன்னொன்றைத் தொட்டான். காற்று மட்டும் வந்தது.

மூடியைத் திறந்தேன். ஈர மரத்தின் வாடை, கற்பூர வாடை, கரப்பான் வாடை. கறுப்புப் பெட்டி. தோட்டத்து ஆட்கள் எப்போதோ காசு சேர்த்து வாங்கியது. எங்கள் அப்பாவுக்கு முன்பே யாரோ வாசித்தார்கள், பிறகு அப்பா, இப்போது அண்ணன். மூலைகளில் பித்தளைத் தகடு, பச்சை பூத்திருந்தது. வெள்ளைக் கட்டைகள் பழுத்த பல்லின் நிறத்தில் இருந்தன. உள்ளே சுரம் கொடுக்கிற பித்தளை ரீடுகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மெல்லிய நாக்கு.

"விட்டுட்டுப் போ அண்ணே. நான் பாத்து வைக்கிறேன்."

"பொட்டி இருக்கட்டும். ஆனா நான் இல்லாம தொடாத."

"அப்ப ஞாயிறு ஞாயிறு வரணுமே."

"வர்றேன்."

மத்தியானம் சாப்பிடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். என் கணவர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரவு சாப்பாட்டின்போது, "அந்தத் தாழ்வாரத்துல சாரல் அடிக்கும். பொட்டிய உள்ள எடுத்து வச்சிரு" என்றார். அவரே தூக்கி வைத்தார்.

அடுத்த ஞாயிறு மரத்தைத் தொட்டோம். மேலே இருப்பது பழைய அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட் பட்டால் கரைந்து பிசுபிசுவென்று ஒட்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் வேகமாகப் போகும் என்று அண்ணன் சொன்னான். நாற்றம் உள்ளே துருத்தித் துணியில் ஏறினால் பஜனை முழுக்க அடுப்படி மாதிரி மணக்கும் என்றேன். சோப்புத் தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவு துடைத்தேன். துணி கறுப்பானது. பாலிஷ் அசையவில்லை. அப்புறம்தான் முன்பலகைக்கு வந்தேன். துடைத்த இடத்தை உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். நான் துடைக்க, அண்ணன் ஒற்றினான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றுவிட்டது.

"என்னா செஞ்ச நீ? கலரு போகுது!"

துடைத்த இடம் தேன் நிறத்தில் இருந்தது. தேக்கு. நடுவே ஒரு மெல்லிய கொடி, இலையும் மொட்டுமாகச் செதுக்கியிருந்தது. அதுவரை அங்கே கொடி இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"போகுறது கலரு இல்ல அண்ணே. கற்பூரப் புகை."

"நான் பொறந்ததுலேர்ந்து இது கருப்புப் பொட்டி."

"எனக்கும் அப்படித்தான்."

அவனுக்குச் சந்தோஷமில்லை. முகம் வாடிவிட்டது. வேறு பெட்டியை மாற்றிக் கொண்டுவந்துவிட்டான் என்று தோட்டத்தில் பேசுவார்கள் என்றான். கோயில் கமிட்டியில் ஏற்கெனவே இளைஞர்கள் சிலர் கீபோர்டு வாங்கலாம் என்கிறார்களாம். நான் துணியைக் கீழே வைத்தேன். அவனுக்குப் பிடிக்காமல் மேலே துடைப்பதில் அர்த்தமில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்தபடி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இடதுகை துருத்தியை அழுத்தும் இடத்தில் மரம் தேய்ந்து வழுவழுப்பாக, கன்னங்கரேலென்று இருந்தது. அதில் கையை வைத்துப் பார்த்தான்.

"இந்த எடத்தத் தொடாத. இது அழுக்கு இல்ல, அப்பா கை."

"சரி."

"கொடி நல்லாத்தான் இருக்கு. முன்பக்கம் துடை. ஆனா ரொம்ப புதுசா ஆக்கிறாத."

அதுதான் எங்கள் அளவானது. எவ்வளவு துடைப்பது என்று நான் எத்தனையோ சாமான்களில் குழம்பியிருக்கிறேன். இந்தப் பெட்டிக்கு அண்ணனே சொல்லிவிட்டான்.

மூன்றாவது ஞாயிறு மூலைத் தகடுகள். பச்சைக் களிம்பை எடுக்கப் புளி எடுத்தால் சாறு மரத்துக்குள் இறங்கிக் கறை போடும். கடையில் விற்கிற போத்தல் திரவமும் அப்படித்தான், ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், எடுக்கவே முடியாது. தகட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிவிட்டு, தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை திருநீற்றைக் குழைத்துத் தேய்க்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். துணியில் சலித்த திருநீறு மாதிரி மென்மையான பொடி வேறு கிடையாது.

அண்ணன் என் கையைப் பிடித்தான். "சாமி திருநீற வச்சா தேய்ப்ப?"

"சாமி பொட்டியத்தான தேய்க்கிறேன்."

யோசித்தான். நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டான். எனக்கும் பூசிவிட்டான். "இப்ப தேய்" என்றான்.

உள்ளேயிருந்து என் கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆனால் மீசைக்குக் கீழே உதடு கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன். அன்றும் சாப்பிடவில்லை.

நான்காவது ஞாயிறு ரீடுகள். அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். மரத்தில் தவறு செய்தால் கண்ணுக்குத்தான் தெரியும். ரீடில் தவறு செய்தால் காதுக்குத் தெரியும். அந்த நாக்கின் நுனியில் கொஞ்சம் தேய்ந்தாலும் சுரம் ஏறிவிடும், அடியில் தேய்ந்தால் இறங்கிவிடும் என்று அண்ணன் சொன்னான். அதனால் புளி இல்லை, எலுமிச்சை இல்லை, பொடியே இல்லை, திருநீறுகூட இல்லை. ரீடுப் பலகையைக் கழற்றி வெளியே எடுத்து, நாக்குக்கு அடியில் மெல்லிய தாளைச் செருகி, சிறுபிள்ளைகள் படம் வரைகிற மென்மையான தூரிகையால் அடியிலிருந்து நுனிப்பக்கமாக மட்டும் தட்டிவிடுவது. அசையாத பிசுக்குக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சு, அதுவும் ஈரம் தெரியாத அளவு. பச்சைப் புள்ளி எங்கேயாவது நின்றால் நிற்கட்டும்.

வெளியே நல்ல மழை. நான் ஒரு ரீடைத் துடைப்பேன், அண்ணன் குனிந்து வாயால் மெல்ல ஊதிப் பார்ப்பான். சில ரீடுகள் உடனே பேசின. சில முரண்டு பிடித்தன. நடுவில் ஒன்று எவ்வளவு தட்டியும் வாய் திறக்கவில்லை.

மழைக்குக் கடையில் ஆளில்லை. என் கணவர் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். கையில் கடைப் போத்தல், பித்தளை துலக்குகிற திரவம். உதவி செய்கிற எண்ணம்தான். மூடியைத் திருகிக்கொண்டே, "இதுல ஒரு சொட்டு விட்டா..." என்று குனிந்தார்.

"ஐயோ, அதத் தொடாதீங்க!"

அண்ணன் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. என் கணவர் போத்தலோடு அப்படியே நின்றார். இத்தனை வருடத்தில் அண்ணன் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

அவர் போத்தலை மூடித் தரையில் வைத்தார். கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"எனக்கு இதப்பத்தித் தெரியாது மச்சான்" என்றார். "தொட்டா என்ன ஆகும்?"

அண்ணன் ரீடைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சுரம் ஓடிரும்" என்றான் கடைசியில். "அப்புறம் புடிக்க முடியாது."

"சரி. அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒங்க கை ஆடுமா?"

"தராசு புடிச்ச கை. ஆடாது."

"அப்ப இந்தத் தாளப் புடிச்சுக்கிங்க. நாக்கு அடியில. அழுத்தாம."

என் கணவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைப் பிடித்தார். நான் பஞ்சால் தொட்டேன். நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஏதோ மாட்டியிருந்தது. அண்ணன் டார்ச் அடித்தான். ஒரு பூச்சியின் சிறகு. தாளை வெளியே இழுத்ததும் அதுவும் கூடவே வந்தது. அண்ணன் ஊதினான். சுத்தமான, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான ஒரு சுரம். மறுபடி ஊதினான்.

"வந்துட்டான்!" என்று என் கணவர் தொடையில் தட்டினார். எங்கள் மூன்று பேரில் அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். அண்ணன் சத்தமாகச் சிரித்தான். அவன் இந்த வீட்டில் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று பேருமாகச் செய்தோம். மத்தியானம் ஆனதும் அண்ணன் வழக்கம்போலக் குடையை எடுத்தான். பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். பாதையைத் துப்புரவாக்க நேரமாகுமாம். நான் சமையலறைக்குப் போய் மூன்று தட்டு எடுத்தேன். சோறு, பருப்பு, லீக்ஸ் வறுவல், நெத்தலி, ரசம். வெளியே வந்தபோது என் கணவர் அண்ணனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், உள்ள வாங்க. சாப்புடுவோம்."

அண்ணன் அசையவில்லை. "எங்கம்மா இந்தக் கடையில உள்ள வந்ததே இல்ல, தெரியுமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியும். நான் கல்லாவுக்குப் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நீங்களும் அவங்க கூட நின்னீங்க. நமக்கு அப்ப ஒரே வயசு இருக்கும். அது தப்புன்னு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் புரிஞ்சிக்கல."

"நானும் ஒங்கள வாசல்ல நிக்க வச்சேன். எங்கப்பா சாவுல."

"வச்சீங்க. நல்லா நனஞ்சேன்."

இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள். நான் கையில் ரசச் சட்டியோடு நின்றேன், கை சுட்டது. "ஆறிப்போகுது" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் உள்ளே வந்தான். என் கணவர்தான் சோறு போட்டார். இரண்டாம் தரம் போடப் போனபோது அண்ணன் போதும் என்று கையை வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது என்னிடம், "ரசத்துல உப்பு கம்மி" என்றான். எங்கள் அம்மாவின் ரசத்துக்கும் அவன் இதையேதான் சொல்வான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்கினேன்.

கடைசியாக இருந்தது மெழுகு. மொனராகலைப் பக்கமிருந்து பஸ்ஸில் தேன் கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் தேன்மெழுகு வாங்கியிருந்தேன். சட்டியில் வெந்நீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி, கொஞ்சம் டர்பன்டைன் கலந்து ஆறவைத்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும். துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, ஊறவிட்டு, மெருகேறும்வரை தேய்ப்பது. அந்த வாரம் தேய்த்தவர்கள் ஆண்கள் இரண்டு பேர். யார் பக்கம் நன்றாகப் பளபளக்கிறது என்று சண்டை. நான் கட்டைகளை ஈரத்துணியால் துடைத்தேன். பழைய வெள்ளைக் கட்டைக்கு ஸ்பிரிட் ஆகாது, குழைந்துவிடும். பழுப்பு முழுதும் போகவில்லை, போகவும் வேண்டாம். துருத்தியின் மூலைக் கிழிசலில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒட்டினோம். மேசை விசிறியைப் போட்டு ஒருநாள் காயவிட்டோம்.

மார்கழி பிறக்கும் முன்னால் நாங்கள் இருவரும் பெட்டியோடு தோட்டத்துக்குப் போனோம். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டார். "இது என்ன கேள்வி மாப்ள, வாங்க வாங்க" என்று அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அன்று இரவு அந்தச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்தோம். அவருக்குத் தூக்கம் வந்ததோ இல்லையோ, குறைசொல்லவில்லை.

விடியற்காலையில் கோயிலடியில் கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணன் பெட்டியைத் துணியால் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கமிட்டித் தலைவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து அதைப் பார்த்தார்.

"இது நம்ம பொட்டியா? பூவெல்லாம் இருக்கு?"

"நம்ம பொட்டிதான். எந்தங்கச்சி துடைச்சிருக்கா" என்றான் அண்ணன். "மாப்ளையும்."

வாசிக்க ஆரம்பித்தான். இரண்டு வரி போவதற்குள் பெண்கள் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குமேல் யாரும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. லயத்துக்கு லயம் போனோம். வாசல்களில் கோலம், இஞ்சி போட்ட தேத்தண்ணி. என் கணவருக்குப் பாட்டு தெரியாது. ஜால்ராவைக் கொடுத்தார்கள், தாளம் தப்பித் தப்பிப் போட்டார். பின்னால் வந்த பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

இப்போது எங்கள் தாழ்வாரத்தில் அந்தக் கோயிலின் தூக்கு விளக்கு கிடக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் விரல் தடிமனுக்கு. வெந்நீரும் சோப்பும் போதும் என்கிறேன் நான். அண்ணன் அரிசி மாவைத் தூவினால் பிசுக்கை இழுத்துக்கொள்ளும் என்கிறான். என் கணவர் அந்தப் போத்தலை இன்னும் கைவிடவில்லை, அடிப்பக்கத்தில் மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்கிறார். போன ஞாயிறு மூன்றையும் ஒவ்வொரு மூலையில் போட்டுப் பார்த்தோம். அரிசி மாவு நன்றாகவே வேலை செய்தது. அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டே சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினான், கடைவழியாக, வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு.